ஓடையில் விட்ட இரண்டு கிலோ

கொளஞ்சிக்கு ஐம்பத்திரண்டு வயது என்கிறது வாக்காளர் அட்டை. அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்தால் எழுபது சொல்லலாம். ஆளோடு அரை மணி நேரம் பழகினால் பன்னிரண்டுக்கு மேல் சொல்ல மனசு வராது. அவர் மனைவி சின்னம்மாளைக் கேட்டால், "அதுக்கு இன்னும் வயசு எண்ணவே ஆரம்பிக்கல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

திருவந்திபுரம் தாண்டி, கேப்பர் மலையின் செம்மண் சரிவில், பதினெட்டு ஏக்கரில் ஒரு முகாம். கிறிஸ்தவ அறக்கட்டளை ஒன்றுக்குச் சொந்தமான இடம். மே மாதம் வந்தால் கடலூர், நெய்வேலி, பாண்டிச்சேரியிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். கூடாரம் அடித்து, பாட்டுப் பாடி, உப்புமாவைத் திட்டி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். மற்ற பதினோரு மாதமும் அங்கே இருப்பது கொளஞ்சி, சின்னம்மாள், ஒரு காடு, கெடிலம் ஆற்றுக்கு ஓடும் ஒரு சின்ன ஓடை. அவ்வளவுதான்.

சாப்பாட்டுக் கூடம் கட்ட செங்கல் சுமக்க வந்தவர் கொளஞ்சி. கூடம் முடிந்தது, கொத்தனார் போனார், சித்தாள்கள் போனார்கள், இவர் மட்டும் போகவில்லை. "போகச் சொல்ல மறந்துட்டாங்க" என்பார். அது நடந்து இருபத்திநாலு வருஷம். இடையில் யாரோ ஒரு காக்கிச் சட்டை கொடுத்தார்கள். வாட்ச்மேன் ஆகிவிட்டார்.

வாட்ச்மேன் வேலையை அவர் ஒழுங்காகத்தான் பார்த்தார். விளையாட்டு வேலையை அதைவிட ஒழுங்காகப் பார்த்தார். கல்யாண முருங்கைக் கட்டையில் ஒரு மிருகத்தின் பாதத்தைச் செதுக்கி வைத்திருந்தார். முகாமுக்கு வந்த பிள்ளைகள் பிஸ்கட் திருட சமையலறைப் பக்கம் போகும் வழியில் அதைக் குத்திக் குத்தி வைப்பார். காலையில் பிள்ளைகள் கூடி நின்று முழிப்பார்கள். "செந்நாயா இருக்கும். எனக்கென்ன தெரியும், நான் ஏழாவதுதான்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்.

இப்படிப்பட்ட ஆள் ஒரு மாதம் சிரிக்காமல் இருந்தார் என்றால், அது 'தானே' புயல் அடித்த பிறகுதான்.

இரண்டாயிரத்துப் பதினொன்று டிசம்பர் முப்பது, விடியற்காலை. முகாமில் காங்கிரீட் கூரை போட்ட ஒரே கட்டடம் கழிப்பறை. புருஷனும் பெண்டாட்டியும் அதற்குள் உட்கார்ந்து, கதவைக் காலால் உதைத்துப் பிடித்துக்கொண்டு, வெளியே மரம் விழும் சத்தத்தை எண்ணினார்கள். அறுபது வரைக்கும் எண்ணியதாகவும், அதற்கு மேல் கொளஞ்சிக்கு எண்ணத் தெரியாமல் இல்லை, எண்ணப் பிடிக்கவில்லை என்றும் சின்னம்மாள் சொல்கிறாள். காற்று நின்றதும் அவர் ஆபீஸ் ஓடு என்ன ஆனது என்று பார்க்கவில்லை. நேராக ஓடைக்குப் போனார். முந்திரி எல்லாம் வேரோடு மல்லாந்து கிடந்தது. மேல்கரையில் நின்ற பெரிய நாவல் ஓடைக்குக் குறுக்கே விழுந்து தண்ணீரை மறித்திருந்தது. அதன் அடியில் ஒரு தவளை மட்டும், எதுவுமே நடக்காதது மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

ரம்பமும் அரிவாளுமாக இருபது நாள். தண்ணீர் போக வழி வெட்டினார்கள் இரண்டு பேரும். யாரும் வெட்டச் சொல்லவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் ஆரோக்கியம்மாள் டீச்சர் வந்தார். ரிட்டையர் ஆன தலைமையாசிரியை. அறக்கட்டளைக் கமிட்டியின் செயலாளர். கறுப்புக் குடை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஓடைக் கரையில் விழுந்து கிடந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

"கமிட்டில பாதிப் பேரு இடத்தை வித்துடலாங்கறாங்க கொளஞ்சி. மரமெல்லாம் போச்சு, காடே இல்லாத எடத்துல எதுக்கு கேம்புன்னு கேக்கறாங்க. பிளாட் போடறதுக்கு ஒரு பார்ட்டி ரெடியா இருக்கான்."

"நீங்க இன்னா சொன்னீங்க டீச்சர்?"

"போனது மரந்தான், காடு இருக்குன்னு சொன்னேன். சும்மா சொன்னா நம்புவாங்களா? சிதம்பரத்துலேர்ந்து காலேஜ் புள்ளைங்க ரெண்டு பேரு வந்து சர்வே எடுக்கப் போறாங்க. காட்டுல என்ன இருக்கு, ஓடைல என்ன இருக்குன்னு எழுதிக் குடுப்பாங்க. அதை வச்சு முடிவு பண்ணலாம்னு ஒத்துக்கிட்டாங்க."

"ஜாஸ்தி இருந்தா விக்க மாட்டாங்களா?"

"நல்லா இருக்குன்னு அவுங்க எழுதினா விக்க விட மாட்டேன். அது என் பொறுப்பு."

நல்லா இருக்கு என்று டீச்சர் சொன்னது கொளஞ்சியின் காதில் ஜாஸ்தி இருக்கு என்றே விழுந்தது. விழவில்லை, அவரே அப்படி எடுத்து வைத்துக்கொண்டார். அன்று முழுக்க ஓடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாசி வெயிலுக்கு ஓடை இளைத்து மூன்று மடுவாகிவிட்டிருந்தது. ஒரு மடுவிலிருந்து அடுத்ததற்கு நூல் மாதிரி தண்ணீர். உள்ளே அயிரை, சின்னக் கெண்டை, நண்டு, நத்தை, பேர் தெரியாத பூச்சி. எல்லாம் விரல் நீளத்துக்கு மேல் கிடையாது. பட்டணத்துக் கமிட்டிக்காரர்கள் இதையெல்லாம் மீன் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் டி.வி.எஸ். ஐம்பதின் பின்னால் நீல பிளாஸ்டிக் டிரம்மைக் கட்டிக்கொண்டு புவனகிரிக்குப் போனார்.

புவனகிரி மார்க்கெட்டில் மீன் விற்கும் கோவிந்தசாமி, சின்னம்மாளின் தம்பி. கொளஞ்சிக்கு மச்சான். அலுமினிய அண்டாவில் தண்ணீர் விட்டு ஏரி மீனை உயிரோடு விற்பார்.

"விரால் இருக்கா மச்சான்?"

"விரால் இல்ல மாமா. ஜிலேபிக் கெண்டைதான் இருக்கு. கொன்னாலும் சாவாது. அடிச்சுக் குடுக்கவா?"

"அடிக்காத. உசுரோட வேணும்."

"உசுரோட எடுத்துட்டுப் போயி அக்காகிட்ட இன்னா வெளாட்டு காட்டப் போற?"

"அதெல்லாம் ஒனக்கு எதுக்கு? ரெண்டு கிலோ போடு."

கோவிந்தசாமி கைத்தராசில் ஒரு கிலோ கல்லை வைத்து இரண்டு தடவை நிறுத்து டிரம்மில் கொட்டினார். வழி நெடுக டிரம் தளும்பி கொளஞ்சியின் முதுகு நனைந்தது. முகாமுக்கு வந்து மூடியைத் திறந்தால் ஒன்றுகூட மிதக்கவில்லை. அத்தனையும் வாயைத் திறந்து திறந்து இவரைப் பார்த்தன. புங்க மரத்தடி மடுவில் டிரம்மை அப்படியே கவிழ்த்தார். ஒரே கவிழ்ப்பு. சளக்கென்று எல்லாம் போய்விட்டன. சின்னம்மாள் அப்போது சந்தைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்த பிறகும் அவளிடம் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து சர்வே வந்தது.

சர்வே என்றால் கோட்டு போட்ட ஆட்கள் ஜீப்பில் வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். வந்தது பஸ்ஸிலிருந்து இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்த இரண்டு பேர். காயத்ரி, ஆராய்ச்சி மாணவி. சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு எந்தச் சேற்றிலும் இறங்கிவிடுகிற பெண். அவளுக்கு எழுதிக் கொடுக்க வந்தவன் அறிவழகன். பூச்சி, பாம்பு, அட்டை, சேறு இந்த நாலைத் தவிர மற்ற எதற்கும் பயப்படமாட்டான்.

முதல் நாள் காடு. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, சதுரத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு செடியையும் எண்ணினார்கள். விழுந்த மரத்தைக் காயத்ரி தாண்டிப் போய்விடவில்லை. குனிந்து அடியில் பார்த்தாள்.

"எழுதுடா. புங்கன் கன்னு முப்பத்தொண்ணு. வேப்பங்கன்னு எட்டு. முந்திரி, அடிக்கட்டைலேர்ந்து துளிர் விட்டிருக்கு."

"விழுந்ததையும் எண்ணணுமாக்கா?"

"விழுந்ததுதான், செத்தா போச்சு?"

கொளஞ்சிக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதால் பயமும் வந்தது. ஏனென்றால் அடுத்த சதுரத்தில் அவர் காலையிலேயே ஒரு வேலை செய்து வைத்திருந்தார்.

காயத்ரி ஈர மண்ணில் பதிந்திருந்த தடங்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அறிவழகன் இரண்டு அடி பின்னால் போனான்.

"நரியாக்கா?"

"நரி மாதிரிதான் இருக்கு." அவள் ஒவ்வொரு தடமாகப் பார்த்துக்கொண்டே பத்தடி போனாள். திரும்பி வந்தாள். "ஆனா ஒண்ணுடா. பதினாலு தடம் இருக்கு. பதினாலும் ஒரே கால். இடது முன்னங்கால்."

"அப்படின்னா?"

"அப்படின்னா இந்த நரி ஒத்தக்கால்ல நொண்டி ஆடிக்கிட்டே போயிருக்கு."

இருவரும் கொளஞ்சியைப் பார்த்தார்கள். கொளஞ்சி மரத்து உச்சியைப் பார்த்தார். மரத்துக்கு உச்சி இல்லை, புயல் ஒடித்திருந்தது. இருந்தாலும் பார்த்தார்.

"நான் ஏழாவதுதாங்க" என்றார்.

காயத்ரி சிரித்துவிட்டாள். அதோடு விட்டிருந்தால் அது ஒரு நல்ல நாளாக முடிந்திருக்கும்.

இரண்டாம் நாள் ஓடை. மேல் மடுவில் கையளவு வலையைப் போட்டு, கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருந்ததையெல்லாம் வெள்ளைத் தட்டில் கொட்டினாள். கொளஞ்சி இத்தனை வருஷமும் பூச்சி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டதை அவள் பிரித்துப் பிரித்து வைத்தாள். இது தட்டான் ஆகப் போகிற புழு. இது கல்லையே வீடாகக் கட்டிக்கொள்ளும் புழு. இது நல்ல தண்ணீரில் மட்டும்தான் உயிரோடு இருக்கும்.

"இது இருந்தா ஓடை சுத்தம்னு அர்த்தண்ணா. பெரிய பெரிய ஆத்துலயே இப்ப பாக்க முடியல."

"இந்தத் துக்குணியா?"

"இந்தத் துக்குணிதான். நூறு மரத்துக்குச் சமம்."

கொளஞ்சி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் முகம் கழுவும்போது மூக்கில் ஏறினால் சீந்திப் போட்ட பூச்சி அது.

நடு மடுவும் நன்றாகவே இருந்தது. மூன்றாவது, புங்க மரத்தடி மடு. வலை போட்டதும் கனத்தது. காயத்ரி தூக்கினாள். உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஜிலேபி துள்ளின. அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது.

"ச்சே" என்றாள். "வந்துடுச்சா இங்கயும்."

"பெரிய மீன்தானே மேடம்" என்றார் கொளஞ்சி. குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது.

"வெளிநாட்டு மீனுண்ணா இது. நம்ம சின்ன மீனோட முட்டை, குஞ்சு, நீங்க இப்பப் பாத்த புழு, ஒண்ணு விடாம தின்னுடும். ரெண்டு வருஷம் போதும், ஓடைல இது மட்டுந்தான் இருக்கும். நான் இதை எழுதித்தான் ஆகணும்."

"எழுதினா?" என்று கேட்டது அறிவழகன். பதிலையும் அவனே சொன்னான். "ஓடையும் கெட்டுப்போச்சுன்னு சொல்லி வித்துடுவாங்க. வேற என்ன."

கொளஞ்சிக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. எப்போதும் வரும். இந்தத் தடவை அது பல்லைத் தாண்டவில்லை. தண்ணீருக்குள் இறங்கி, காயத்ரிக்கு எதிரே இடுப்பளவில் நின்றுகொண்டு சொன்னார்.

"அது வர்ல மேடம். நான்தான் கொண்டாந்து விட்டேன்."

காயத்ரி வலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்?"

"பெருசா ஏதாவது இருந்தா விக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

காயத்ரி திட்டியிருக்கலாம். கணக்கைத்தான் கேட்டாள். "எத்தனை விட்டீங்க?"

"ரெண்டு கிலோ."

"கிலோ இல்லண்ணா. எத்தனை மீனு?"

"மீனை யாரு மேடம் எண்ணி வாங்குவாங்க? நிறுத்துதான் வாங்குனேன். ரெண்டு கிலோ."

அறிவழகன் பேப்பரில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் காதில் செருகிக்கொண்டான்.

"இங்க பாருங்க" என்றாள் காயத்ரி. "இன்னைக்கு வியாழன். ஞாயித்துக்கெழம கமிட்டி. அதுக்குள்ள கடைசி மீன் வரைக்கும் புடிச்சாத்தான் வெளிமீன் இல்லன்னு நான் கையெழுத்துப் போடுவேன். ஒண்ணு உள்ள இருந்தாலும் போட மாட்டேன். ஒரு பொட்டை மீன் போதும், வாயில முட்டைய வச்சுக் காப்பாத்தி மடு முழுக்க நெறச்சுடும்."

சின்னம்மாளுக்கு அன்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. அவள் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. கேட்டு முடித்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு, மறுநாள் மடுவை இறைக்க என்னென்ன பாத்திரம் வேண்டும் என்று எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மடுவுக்கு மேலும் கீழும் மண் அணைத்து அடைத்தார்கள். நாலு பேரும் வாளியால் இறைத்தார்கள். தண்ணீர் இறங்க இறங்க உள்ளே இருந்த ஊர் ஜனம் வெளியே வந்தது. அயிரை கூட்டம் கூட்டமாக ஒதுங்கியது. வேர் இடுக்கிலிருந்து ஒரு விலாங்கு வழுக்கிக்கொண்டு போனது. அறிவழகன் கல் என்று நினைத்து ஏறி நின்றது நகர்ந்தது. ஆமை. அவன் போட்ட கூச்சலில் புங்க மரத்துக் கிளிகள் அத்தனையும் பறந்தன.

"எழுதுடா" என்றாள் காயத்ரி, சேறு வழியும் முகத்தோடு.

"நான் இன்னும் கீழ எறங்கலக்கா" என்றான் அவன், மரத்தின் மேலிருந்து.

உள்ளூர் உயிர்களையெல்லாம் முகாமின் பெரிய குண்டான்களில் ஓடைத் தண்ணீரோடு பத்திரமாக வைத்தார்கள். பகல் பதினோரு மணிக்கு ஆரோக்கியம்மாள் டீச்சர் குடையோடு வந்து, நிழலில் வரிசையாக வைத்திருந்த சாம்பார்க் குண்டான்களில் முதலாவதைத் திறந்து பார்த்தார். ஆமை தலையை நீட்டிப் பார்த்தது. டீச்சர் மூடிவிட்டு, "கொளஞ்சி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பழைய தலைமையாசிரியை குரல் முழுக்க இருந்தது. எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னார் கொளஞ்சி. டீச்சர் குடையை மடக்கினார். அடிக்கத்தான் என்று கொளஞ்சி நினைத்தார். டீச்சர் குடையைக் கிளையில் மாட்டிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு வாளியை எடுத்தார்.

முந்தின நாள் வலையில் வந்த இரண்டையும் சேர்த்து, மத்தியானத்துக்குள் பதிமூன்று ஜிலேபி அகப்பட்டன. ஒன்றின் வாயைக் காயத்ரி மெல்லத் திறந்து காட்டினாள். உள்ளே மஞ்சள் மஞ்சளாக முட்டை. கை மாறி, சேறு மாறி, இத்தனை களேபரத்திலும் அது ஒன்றைக்கூடத் துப்பவில்லை.

"இது மேல தப்பு ஒண்ணும் இல்லண்ணா" என்றாள்.

"தெரியும் மேடம்" என்றார் கொளஞ்சி. அந்த மீனைத் தனி வாளியில் போட்டது அவர்தான்.

காலேஜிலிருந்து கொண்டுவந்த எலக்ட்ரானிக் தராசில் மொத்தத்தையும் வைத்தார்கள். ஒரு கிலோ எண்ணூற்று முப்பது கிராம்.

"ரெண்டு கிலோன்னீங்க."

"ரெண்டு கிலோதான்."

"நூத்தி எழுபது கிராம் குறையுது. ஒரு மீன் சராசரி நூத்தி நாப்பது. அப்ப ஒண்ணு இன்னும் உள்ள இருக்கு."

மறுபடி இறைத்தார்கள். சேறு தெரியும் வரைக்கும் இறைத்தார்கள். கொளஞ்சி நாலு காலில் தவழ்ந்து, சேற்றை விரலால் சலித்தார். வேர் இடுக்கில் தோள் வரைக்கும் கையை விட்டார். இரண்டு நண்டு கடித்தது. மீன் இல்லை.

"தண்ணிப் பாம்பு முழுங்கியிருக்கும்" என்றான் அறிவழகன்.

"அப்படின்னு ரிப்போர்ட்ல எழுதவா? தேடிப் பாத்தோம், பாம்பு மேல சந்தேகம்னு?"

பொழுது சாயும் நேரம். குண்டான்களில் இருந்ததையெல்லாம் திரும்ப விட்டு, அணையை வெட்டிவிட்டார்கள். மேல் மடுத் தண்ணீர் சரசரவென்று வந்து நிறைந்தது. அந்தத் தண்ணீருக்குள் எங்கேயோ ஒரு நூற்று எழுபது கிராம் நீந்திக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில் கொளஞ்சி கரையைவிட்டு எழவே இல்லை. சின்னம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யோவ். எடை போட்டது யாரு?"

"ஒன் தம்பி."

சின்னம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "என் கூடப் பொறந்தவன் அவன். ஒரு கிராம் ஏமாத்த மாட்டான்." இன்னொரு நிமிஷம் யோசித்தாள். "அந்தப் பாப்பாகிட்ட தராசை வாங்கு. காலைல போயிட்டு வந்துடுவோம்."

சனிக்கிழமை புவனகிரி மார்க்கெட்டில் நல்ல கூட்டம். கொளஞ்சி முன்னால் போய் நின்றார். சின்னம்மாள் வயர் கூடையோடு பின்னால்.

"மச்சான், அன்னைக்கு நான் வாங்குன ரெண்டு கிலோ, ரெண்டு கிலோதானா?"

கோவிந்தசாமி கத்தியைக் கீழே வைத்தார். "இன்னா மாமா, நாலு பேரு முன்னாடி கேக்கற கேள்வியா இது? ஒரு கிராம் குறைஞ்சிருந்தா மீசைய எடுத்துடறேன்."

"எடுத்துடு மச்சான். குறைஞ்சுதுன்னு சொல்லு."

"இன்னாது?"

"குறைச்சுத்தான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஒன் காலைத் தொட்டுக் கும்புடறேன்."

"யோவ், வெளாடறதுக்கு ஒனக்கு என் கடைதான் கெடைச்சுதா?" கோவிந்தசாமி வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சொன்னார்: "எங்க மாமாங்க. எப்பவும் இப்படித்தான். போன தீவாளிக்கு என் செருப்பை ஒண்ணுக்கொண்ணு தச்சு வச்ச ஆளு."

வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சானிடம் நிஜம் பேசுகிறார், நம்ப ஆளில்லை. கொளஞ்சி பலகை மேல் குனிந்தார். "வெளாட்டு இல்ல மச்சான். அந்த ஓடை போயிடும்டா."

கோவிந்தசாமி அவர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. ஆனாலும் சுற்றி நாலு பேர். கண் மட்டும் ஒரு தடவை தராசுப் பக்கம் போய்த் திரும்பியது. சின்னம்மாளுக்கு அது போதும். கூடையிலிருந்து எலக்ட்ரானிக் தராசை எடுத்துப் பலகையில் வைத்தாள். தம்பியின் ஒரு கிலோ கல்லைத் தூக்கி அதன் மேல் வைத்தாள்.

தொள்ளாயிரம்.

கல்லைத் திருப்பினாள். அடியில் ஈயம் இருக்க வேண்டிய குழி, துடைத்த மாதிரி காலியாக இருந்தது.

"டேய்" என்றாள் சின்னம்மாள். "பன்னெண்டு வருஷமா நான் ஒன்கிட்ட மீன் வாங்கறேன். எனக்கேவாடா?"

"யக்கா, கல்லுக்கு யாரு அக்கா, யாரு வெளியாளுன்னு தெரியுமா?"

அவள் கூடையை ஓங்கினாள். அதற்குள் கொளஞ்சி பலகையைத் தாண்டி உள்ளே பாய்ந்து, செதிலும் சேறுமாக இருந்த மச்சானைக் கட்டிப் பிடித்து, முத்தம் கொடுத்து, தூக்கிவிட்டார். "குறைச்சல்தான்! நீ திருடன்தான்டா! நல்லா இருப்படா!" எடை குறைத்து மாட்டிக்கொண்ட வியாபாரியைப் புவனகிரி நிறையப் பார்த்திருக்கிறது. அதற்காக அவனுக்கு முத்தம் கொடுத்த கிராக்கியைப் பார்த்ததில்லை. கூடியிருந்தவர்கள் அடிப்பதா, வாழ்த்துவதா என்று புரியாமல் கலைந்தார்கள். கல்லைச் சின்னம்மாள் கூடையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

காயத்ரி பேப்பரில் போட்டுப் பார்த்தாள். "விட்டது ஆயிரத்தி எண்ணூறு. புடிச்சது ஆயிரத்தி எண்ணூத்தி முப்பது. சரியாப் போச்சு. முப்பது அதிகமாவே இருக்கு."

"அது எங்கேர்ந்து வந்துச்சு?"

"பத்து நாளா தின்னுச்சுல்ல. அந்த வளர்த்தி."

கொளஞ்சியின் சிரிப்பு மெல்ல இறங்கியது. முப்பது கிராம். அயிரைக் குஞ்சு எத்தனை, தட்டான் ஆக வேண்டிய புழு எத்தனை, நூறு மரத்துக்குச் சமமான துக்குணி எத்தனை சேர்ந்தால் முப்பது கிராம் வரும் என்று அவரால் கணக்குப் போட முடியவில்லை. மடுவின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெயிலுக்குக் கண் கூசுகிறது என்று துண்டால் துடைத்தார். அங்கே நிழல்தான் இருந்தது.

காயத்ரி வெளிமீன் என்ற கட்டத்தில், "விடப்பட்டது, முழுவதும் அகற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பட்டியலில் அறிவழகன் எழுதியிருந்த நரியை அடித்துவிட்டாள். ஆமையையும் விலாங்கையும் சேர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி மூன்று மணி நேரம் நடந்தது. சாயங்காலம் டீச்சர் வந்தபோது கொளஞ்சி வாசலிலேயே நின்றிருந்தார். கேட்கப் பயந்து, "காப்பி குடிக்கிறீங்களா டீச்சர்?" என்றார்.

"விக்கல" என்றார் டீச்சர். "கன்னு நடறதுக்கு ஆளு பாக்கச் சொல்லியிருக்காங்க. ஆனா அவுங்ககிட்ட ஒண்ணையும் மறைக்காம சொன்னேன். உன் மீன் கதை உட்பட. சிரிச்சு முடிக்கவே அரை மணி நேரம் ஆச்சு. ஒரு தண்டனையும் குடுத்திருக்காங்க. ஒவ்வொரு வருஷமும் வர்ற புள்ளைங்களை நீதான் ஓடைக்குக் கூட்டிட்டுப் போகணும். முதல்ல இந்தக் கதையச் சொல்லணும். பொய் கலக்காம."

"பொய் கலக்காமயா?" அவருக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் தண்டனையாகப் பட்டது.

மே மாதம் முதல் கூட்டம் வந்தது. நாற்பது பிள்ளைகள், புங்க மரத்தடியில். கொளஞ்சி காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

"இந்த ஓடைலேர்ந்து ஒண்ணையும் எடுக்கக் கூடாது. வெளிலேர்ந்து ஒண்ணையும் உள்ள விடக் கூடாது. ஏன்னா, ஒரு வருஷம் ஒரு மடப்பய இதுல ரெண்டு கிலோ ஜிலேபிய விட்டான்."

"ரெண்டு கிலோவா? எத்தனை மீனு தாத்தா?" என்றது முன்வரிசையில் ஒரு பெண்.

"அதைத்தாம்மா அவனும் எண்ணல."

"லூசா அவன்?"

கொளஞ்சி சுற்றுமுற்றும் பார்த்தார். சின்னம்மாள் சமையலறை ஜன்னலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல வழியில்லை.

"ஆமா" என்றார். "இப்ப பரவால்ல. இங்கதான் வாட்ச்மேனா இருக்கான்."